அடுப்படிக் கசாயம்: எவ்வளவு, எத்தனை நாள், யாருக்கு?

வாசகர் கேள்விகளுக்குச் சித்த மருத்துவர் பதில்

பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தின் எல்லாப் பக்கங்களிலிருந்தும் இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வீட்டில் காய்ச்சும் மூலிகைப் பானங்களைப் பற்றியே இருந்தன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் அவற்றில் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: கொரோனா காலத்தில் தொடங்கிய பழக்கம் எங்கள் வீட்டில் இன்னும் தொடர்கிறது. சுக்கு, மிளகு, துளசி, பட்டை, அதிமதுரம் ஆகியவற்றைத் தட்டிப் போட்டு, நான்கு டம்ளர் தண்ணீரை ஒரு டம்ளராகச் சுண்டக் காய்ச்சித் தினமும் காலையில் எல்லோரும் குடிக்கிறோம். என் கணவர் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறார். சில மாதங்களாக அவருக்கு அழுத்தம் கட்டுக்குள் வரவில்லை. மாலையில் கால் வீங்குகிறது. கசாயம் நல்லதுதானே, அதை நிறுத்த வேண்டுமா? (இல்லத்தரசி, குடியாத்தம்)

பதில்: உங்கள் கணவருக்கு அதிமதுரத்தை இன்றே நிறுத்திவிடுங்கள், கால் வீக்கத்துக்கு இதயம், சிறுநீரகம் தொடர்பான வேறு காரணங்களும் இருக்கக்கூடும் என்பதால் மருத்துவரிடம் காட்டுவதையும் தள்ளிப்போட வேண்டாம். அதிமதுரத்துக்கு இனிப்பைத் தரும் கிளைசிரைசின் என்னும் பொருள், உடலில் உப்பையும் நீரையும் தேக்கிவைத்து, பொட்டாசியத்தைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் தன்மை கொண்டது. இரத்த அழுத்தம் ஏறுவது, கால் வீங்குவது, தசை தளர்வது, நெஞ்சு படபடப்பது ஆகிய எல்லாம் இதனால் வரக்கூடியவை. நீர் பிரியும் மாத்திரையும் சேர்ந்து எடுப்பவருக்குப் பொட்டாசியம் இன்னும் வேகமாகக் குறையும். நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் கிளைசிரைசினுக்கு மேல் போகக்கூடாது என்று ஐரோப்பிய உணவு அறிவியல் குழு வரம்பு சொல்லியிருக்கிறது. ஒரு விரல் நீள வேரை நன்றாகச் சுண்டக் காய்ச்சினால் அந்த அளவை எளிதில் தாண்டிவிடலாம். தொண்டைக் கட்டுக்கு இரண்டு மூன்று நாள் அதிமதுரம் எடுப்பதில், இரத்த அழுத்தமோ இதய நோயோ சிறுநீரக நோயோ இல்லாத பெரியவருக்குப் பெரிய ஆபத்து இல்லை. ஆண்டுக்கணக்கில் எடுப்பது முற்றிலும் வேறு விஷயம்.

பட்டையிலும் கவனம் தேவை. மளிகைக் கடையில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் தடித்த, கெட்டியான, ஒற்றைச் சுருளாக இருக்கும் காசியா பட்டைதான். இலங்கைப் பட்டை காகிதம் போல் மெல்லியதாகப் பல அடுக்காகச் சுருண்டிருக்கும், விரலால் நொறுக்கினாலே உடையும். காசியா பட்டையில் கூமரின் என்னும் பொருள் அதிகம் உண்டு. சிலருக்கு அது கல்லீரலைப் பாதிக்கிறது. உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் வரையே நாள்தோறும் உட்கொள்ளத் தக்கது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் கணக்கிட்டுள்ளது. பிரியாணியிலும் குருமாவிலும் போடும் துண்டுப் பட்டையால் யாருக்கும் இந்தத் தொல்லை வருவதில்லை. தினமும் ஒரு தேக்கரண்டிப் பொடியை மாதக்கணக்கில் குடிப்பவர்தான் வரம்பைத் தாண்டக்கூடும்.

நான் சொல்ல வருவது இதுதான். இலேசாகக் கொதிக்கவிட்டு எப்போதாவது குடிக்கும் சுக்கு மல்லிக் காபி உணவு. அதே சரக்கை நான்கில் ஒன்றாகச் சுண்டக் காய்ச்சி, நாள் தவறாமல், ஒரு நோய்க்காக என்று குடிக்கும்போது அது மருந்து ஆகிவிடுகிறது. மருந்து என்றால் அதற்கு அளவு உண்டு, எத்தனை நாள் என்ற கணக்கு உண்டு, யார் குடிக்கக்கூடாது என்ற விலக்கும் உண்டு. சித்த மருத்துவத்தில் எந்தக் கசாயத்தையும் காலவரை இல்லாமல் கொடுக்கும் வழக்கம் கிடையாது. 2020இல் ஆயுஷ் அமைச்சகம் பரிந்துரைத்த கசாயப் பொடியைக்கூடப் பாருங்கள்: துளசி நான்கு பங்கு, பட்டை இரண்டு, சுக்கு இரண்டு, மிளகு ஒன்று என்ற விகிதத்தில் கலந்த பொடியில் 3 கிராம் மட்டும் எடுத்து 150 மில்லி கொதிநீரில் தேநீர் போல் கலந்து குடிக்கச் சொன்னார்கள். அதில் அதிமதுரம் இல்லை, சுண்டக் காய்ச்சுவதும் இல்லை.

மற்றவர்கள் சுக்கு, மிளகு, துளசி ஆகியவற்றை மட்டும் தேநீர் பதத்தில் கொதிக்கவைத்து, சளி பிடிக்கும் நாட்களில் குடித்துவரலாம். மிளகு சில மாத்திரைகளை உடல் கூடுதலாக உறிஞ்சும்படி செய்யும். வலிப்புக்குத் தரும் பினைட்டாயின் அவற்றில் ஒன்று. வலிப்பு மாத்திரையோ, இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரினோ எடுப்பவர்கள் எந்தத் தினசரிக் கசாயத்தையும் தங்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டே தொடங்க வேண்டும். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால், கசாயப் பழக்கத்தை முன்கூட்டியே சொல்லி, எப்போது நிறுத்துவது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் ஆழ்குழாய்த் தண்ணீர்தான். கசாயத்துக்கு எப்படியும் கொதிக்க வைக்கிறோம், ஆகவே எந்தத் தண்ணீரானாலும் பரவாயில்லை என்கிறார் என் மாமியார். சரியா? (வாசகி, மேல்விஷாரம்)

பதில்: கிருமியைப் பொறுத்தவரை உங்கள் மாமியார் சொல்வது சரி. ஆனால் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பும் உலோகமும் ஆவியாகப் போவதில்லை. நீர் மட்டும்தான் போகிறது. நான்கு டம்ளரை ஒன்றாகச் சுண்ட வைத்தால், நான்கு டம்ளரிலும் இருந்த உப்பு, ஃபுளோரைடு, நைட்ரேட், குரோமியம் எல்லாம் அந்த ஒரு டம்ளருக்குள் வந்து உட்கார்ந்துவிடும். இந்திய தர நிர்ணய அமைப்பின் விதிப்படி குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு நீரே கிடைக்காத நிலையில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம். லிட்டருக்கு 1200 உள்ள ஆழ்குழாய் நீரை நான்கில் ஒன்றாகக் காய்ச்சினால் குடிப்பது 4800 உள்ள நீர். இரத்த அழுத்தக்காரருக்கு இது சிறிய விஷயம் இல்லை.

பாலாற்றங்கரையில் வாழும் நமக்கு இது மற்ற ஊர்க்காரர்களைவிடக் கூடுதலாகப் பொருந்தும். வாணியம்பாடியிலிருந்து இராணிப்பேட்டை வரை தோல் பதனிடும் கழிவு நிலத்தடி நீரில் இறங்கிய கதை புதிதல்ல. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புதான், மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்றுக்கொண்டது. தீர்ப்பு வந்துவிட்டதால் நீர் தூய்மையாகிவிடவில்லை. குடிநீரில் குரோமியத்துக்கு வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம், அந்த அளவு நாக்குக்கும் தெரியாது, உப்பின் அளவைக் காட்டும் கைக்கருவிக்கும் தெரியாது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் செலுத்தி ஆழ்குழாய் நீரைச் சோதித்துக்கொள்ளலாம், சோதிக்க வேண்டும் என்றே சொல்வேன். அதுவரை கசாயத்துக்கு உள்ளாட்சிக் குழாயில் வரும் குடிநீரையோ சுத்திகரித்த நீரையோ பயன்படுத்துங்கள். கழிவுநீர் ஓடும் கால்வாய் ஓரத்தில் செழித்து வளர்ந்திருக்கும் கரிசலாங்கண்ணியையும் வல்லாரையையும் பறிக்காதீர்கள். அவை அந்த நிலத்தில் உள்ளதை எல்லாம் சேர்த்தே உறிஞ்சியிருக்கும்.

கேள்வி: ஏழு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறேன். ஆவாரம்பூக் கசாயம் குடித்தால் மாத்திரையே வேண்டாம் என்கிறார்கள். ஏலகிரி அடிவாரத்தில் நானே பூப்பறித்துக் காயவைக்கிறேன். விதையையும் சேர்த்துப் பொடிக்கலாமா? (விவசாயி, ஜோலார்பேட்டை)

பதில்: ‘ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ’ என்று சொல்லிப் பழகிய மண் நம்முடையது, ஆவாரைக்குச் சர்க்கரையைக் குறைக்கும் தன்மை உண்டு என்பதை விலங்குகளில் செய்த ஆய்வுகளும் காட்டுகின்றன. அந்தத் தன்மை இருப்பதனால்தான் நான் எச்சரிக்கிறேன். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரையோடு ஆவாரை, வெந்தயம், பாகற்காய்ச் சாறு ஆகியவற்றையும் வெறும் வயிற்றில் குடித்துவிட்டு நிலத்தில் வேலைக்கு இறங்கினால், சர்க்கரை திடீரென்று கீழே போகலாம். வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், கடும் பசி எடுக்கும், பேச்சுத் தடுமாறும். அந்த நிலையில் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்தும் தெளியாவிட்டால் மறுபடி குடிக்க வேண்டும். நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழைக்க வேண்டும்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் சோதனையை இப்போது எடுத்து வைத்துக்கொண்டு, கசாயம் குடிப்பதை மருத்துவரிடம் சொல்லி, மூன்று மாதம் கழித்து மறுபடி எடுங்கள். குறைந்திருந்தால் மாத்திரையைக் குறைப்பதை அவர் முடிவு செய்வார்.

விதையைச் சேர்க்க வேண்டாம். பறிப்பது ஆவாரைதானா என்பதையும் ஒவ்வொரு முறையும் உறுதி செய்துகொள்ளுங்கள். நம் பக்கத்துத் தரிசு நிலங்களில் ஆவாரையோடு கலந்து, அதே மஞ்சள் பூவோடு, பேயாவிரை என்னும் செடியும் வளர்கிறது. சிலர் அதைப் பொன்னாவிரை என்பார்கள். ஆவாரையின் சிற்றிலை நுனி மழுங்கி, எட்டு முதல் பன்னிரண்டு இணை வரை இருக்கும். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் காது மடல் போல் அகன்ற இலையடிச் செதில் நிற்கும். காய் தட்டையாக, காய்ந்தால் காகிதம் போல் சலசலக்கும். பேயாவிரையின் சிற்றிலை நுனி கூர்மையானது, நான்கைந்து இணைதான் இருக்கும், கசக்கினால் குமட்டும் வாடை அடிக்கும், காய் ஒல்லியாக நீண்டு சற்றே வளைந்திருக்கும். அந்த விதையைத் தின்ற குழந்தைகள் கல்லீரலும் தசையும் மூளையும் பாதிக்கப்பட்டு இறந்திருக்கிறார்கள். மேற்கு உத்தரப் பிரதேசத்தில் ஆண்டுதோறும் குளிர்காலத்தில் குழந்தைகளைக் கொன்றுவந்த மர்மக் காய்ச்சலை மூளைக்காய்ச்சல் என்றே பலரும் எண்ணியிருந்தபோது, அது இந்தச் செடியின் நஞ்சு என்று கண்டறிந்த குழுவில் நம் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் அறிஞர் டி. ஜேக்கப் ஜான் இருந்தார். கொதிக்க வைத்தால் நஞ்சு முறிந்துவிடும் என்ற எண்ணம் தவறு. பல செடிகளின் நஞ்சு கொதிநீரில் இறங்கத்தான் செய்யும்.

கேள்வி: வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் வெல்லமோ கருப்பட்டியோ போட்டால் நீரிழிவுக்காரர் பானகமும் சுக்குக் காபியும் குடிக்கலாம் அல்லவா? (ஆசிரியர், சோளிங்கர்)

பதில்: குடிக்கக்கூடாது. வெல்லம், நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி மூன்றிலும் பெரும்பகுதி அதே சர்க்கரைதான். அவற்றில் உள்ள சிறிதளவு தாதுச்சத்து இரத்தச் சர்க்கரை ஏறுவதைத் தடுக்காது. இனிப்பு இல்லாமல் மல்லி, சுக்கு, ஏலக்காய் போட்டுக் குடிக்கப் பழகினால் ஒரு வாரத்தில் நாக்கு ஏற்றுக்கொள்ளும்.

கேள்வி: என் பேரனுக்கு நான்கு மாதம். வசம்பைச் சுட்டு உரைத்துத் தேனில் குழைத்து நாக்கில் தடவுவதும், வயிறு உப்பினால் ஓமத்தண்ணீர் கொடுப்பதும் எங்கள் குடும்ப வழக்கம். மருமகள் வேண்டாம் என்று தடுக்கிறாள். நாங்கள் எல்லாம் இப்படித்தானே வளர்ந்தோம்? (பாட்டி, வாலாஜாபேட்டை)

பதில்: அம்மா, இதில் உங்கள் மருமகள் சொல்வதே சரி, அவர் பக்கம் நின்று பேசும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். பிறந்து ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பாலைத் தவிரத் தண்ணீர்கூடத் தேவையில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் ஒரு சொட்டும் ஆகாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு வகை நுண்ணுயிரியின் வித்துகள் பெரியவர் குடலில் ஒன்றும் செய்யாமல் போய்விடும், ஆனால் பச்சிளங்குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சைச் சுரக்கும். முதலில் மலச்சிக்கல் வரும், பிறகு அழுகை மெலியும், பால் இழுக்கும் வலு குறையும், கழுத்து துவளும். ஜவ்வாது மலையிலிருந்து வந்த கலப்படமில்லாத தேன் என்றாலும் இதேதான்; தேனின் தரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

வசம்பில் உள்ள பீட்டா அசரோன் என்னும் பொருள் விலங்குகளில் புற்றுநோயை உண்டாக்கியதால் அமெரிக்கா 1968லேயே வசம்பை உணவில் சேர்ப்பதைத் தடை செய்தது. உரைமருந்தையும் ஓமத்தண்ணீரையும் படுத்திருக்கும் குழந்தையின் வாயில் விடும்போது அது நுரையீரலுக்குள் போய்விடும் ஆபத்தும் இருக்கிறது. வயிறு உப்பினால் பால் குடித்தபின் தோளில் போட்டு முதுகைத் தடவி ஏப்பம் வரச் செய்யுங்கள், காலை மடக்கி மெல்ல வயிற்றில் அழுத்துங்கள். பிள்ளையைக் குளிப்பாட்டுவது, காலில் போட்டு எண்ணெய் தேய்ப்பது, தாலாட்டுவது ஆகியவற்றில் உங்கள் கைக்கு ஈடு வேறு யாரும் இல்லை.

கேள்வி: காய்ச்சல் வந்தால் நாங்கள் நிலவேம்புக் குடிநீரைத்தான் நம்புகிறோம். எத்தனை நாள் குடித்துப் பார்த்துவிட்டு மருத்துவமனைக்குப் போகலாம்? (இளைஞர், ஒடுகத்தூர்)

பதில்: குடித்துப் பார்த்துவிட்டு என்ற அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள்; குடித்துக்கொண்டே மருத்துவமனைக்குப் போகலாம். நிலவேம்புக் குடிநீர் என்பது நிலவேம்பு மட்டும் இல்லை. நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் ஆகிய ஒன்பது சரக்குகள் சேர்ந்தது. 2012இல் டெங்கு பரவியபோது தமிழக அரசு மருத்துவமனைகளிலேயே இதைக் கொடுத்தார்கள். பொடியில் 5 கிராம் எடுத்து 200 மில்லி நீரில் 50 மில்லியாகக் காய்ச்சி வடித்து, காய்ச்சிய மூன்று மணி நேரத்துக்குள் குடிக்க வேண்டும். பொடியை உரிமம் பெற்ற கடையில், தயாரிப்பு எண்ணும் காலாவதித் தேதியும் அச்சிட்ட பொட்டலமாக வாங்குங்கள். கருவுற்ற பெண்களுக்கு இது கூடாது.

டெங்குவில் ஆபத்து காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது வருவதைவிட, காய்ச்சல் இறங்கும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் வருவதே அதிகம். காய்ச்சல் விட்டது, கசாயம் வேலை செய்துவிட்டது என்று வீட்டார் மகிழும் அந்த நேரத்தில் கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், அளவுக்கு மீறிய சோர்வு ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் உடனே சேர்க்க வேண்டும்.

வேலூரைச் சுற்றியுள்ள மலையடிவார ஊர்களுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மழைக்குப் பிந்திய குளிர் மாதங்களில் உண்ணிக் காய்ச்சல் என்னும் ஸ்க்ரப் டைபஸ் நம் பகுதியில் நிறைய வருகிறது. புதரில் இருக்கும் மிகச் சிறிய உண்ணியின் இளம்புழு கடித்த இடத்தில், பீடியால் சுட்டது போல் ஒரு கருந்தழும்பு உண்டாகும். அக்குள், தொடை இடுக்கு, இடுப்புக் கயிறு படும் இடம், மார்பின் கீழ் என்று மறைவான இடத்தில் இருக்கும், வலிக்காது, ஆகவே நோயாளிக்கே தெரியாது. விறகு பொறுக்கவோ ஆடு மேய்க்கவோ போனவருக்குக் காய்ச்சல் என்றால் வீட்டார் அந்த இடங்களைப் பார்க்க வேண்டும். டாக்சிசைக்ளின் என்னும் விலை குறைந்த மாத்திரை தொடக்கத்திலேயே கொடுத்தால் இரண்டு நாளில் காய்ச்சல் தணியும். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று போகும்; அப்படி முற்றிய நோயாளிகளுக்கு எந்த மருந்துச் சேர்க்கை மேலானது என்பதைக் கண்டறிய வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி முன்னின்று நடத்திய ஆய்வின் முடிவு 2023இல் வெளிவந்தது. நான் சித்த மருத்துவன். நிலவேம்பின்மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் இந்தக் காய்ச்சலில் ஒரு வாரம் நிலவேம்பை மட்டும் நம்பியிருப்பது உயிருக்கு விலையாகும் என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டியது என் கடமை.

கேள்வி: காலை நடைப்பயிற்சி முடிந்ததும் கோட்டைப் பக்கத்தில் விற்கும் அருகம்புல் சாறு, சுரைக்காய்ச் சாறு குடிக்கிறோம். நல்லதா? (ஓய்வு பெற்ற அலுவலர், சத்துவாச்சாரி)

பதில்: சுரைக்காய்ச் சாற்றில் கசப்பு இருந்தால் அந்த வாய்ச் சாற்றைத் துப்பிவிட்டு டம்ளரை வைத்துவிடுங்கள். கசக்கும் சுரையில் குக்கர்பிடாசின் என்னும் நஞ்சு இருக்கிறது. 2010இல் தில்லியில் ஒருவர் அப்படிக் கசந்த சாற்றைக் குடித்து இறந்த பிறகு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அமைத்த வல்லுநர் குழு, கசக்கும் சுரைக்காய்ச் சாற்றை எக்காரணம் கொண்டும் குடிக்கக்கூடாது என்று சொன்னது. பாகற்காய்ச் சாற்றோடு கலந்து விற்றால் கசப்பு எதிலிருந்து வந்தது என்று உங்களால் கண்டுபிடிக்கவே முடியாது. ஆகவே அந்தக் கலவையை வாங்காதீர்கள். குடித்தபின் வாந்தியும் வயிற்றுவலியும் வந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். அருகம்புல் எங்கே அறுத்தது, எந்த நீரில் கழுவியது என்று தெரியாமல் பச்சையாக அரைத்த சாற்றைக் குடிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. வீட்டுத் தொட்டியில் வளர்த்து, நல்ல நீரில் பலமுறை அலசி அரைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அக்னி நட்சத்திரத்தில் எங்கள் தெருவில் தண்ணீர்ப் பந்தல் வைக்கிறோம். நன்னாரி சர்பத் கொடுப்பதா, நீர்மோர் கொடுப்பதா? நன்னாரியை நாங்களே காய்ச்ச முடியுமா? (இளைஞர் மன்றத்தினர், காட்பாடி)

பதில்: நாற்பது டிகிரியைத் தாண்டும் வேலூர் வெயிலில் இதைவிட நல்ல காரியம் இல்லை. வியர்வையில் நீரோடு உப்பும் போவதால், வெயிலில் உழைத்து வருபவருக்கு உப்புப் போட்ட நீர்மோர்தான் முதல் தேர்வு. நன்னாரி, ருசிக்கும் குளிர்ச்சிக்கும். இரண்டும் வையுங்கள்.

நன்னாரி வேரை வாங்கும்போது முகர்ந்து பாருங்கள். நல்ல வேர் மெல்லியதாக, கரும்பழுப்பு நிறத்தில், ஒடித்தால் உள்ளே வெளுத்து, மணம் கைவிட்டுப் போகாமல் இருக்கும். மாகாளிக்கிழங்கு வேரையும் நன்னாரி என்று விற்கிறார்கள். இரண்டிலும் மணம் தரும் பொருள் ஒன்றே என்பதால் மூக்கை ஏமாற்றும், ஆனால் அது பருத்துச் சதைப்பற்றோடு இருக்கும். அதுவும் உண்ணத் தகுந்ததுதான், ஊறுகாய் போடுகிறோமே. மலையில் அது அருகி வருவதுதான் வருத்தம். வேரை மண் போகக் கழுவி, இலேசாக நசுக்கி, நடுவில் இருக்கும் கட்டையை எடுத்துவிட்டு, மேல்தோலை மட்டும் இரவு முழுவதும் நீரில் ஊறவைத்து, காலையில் அந்த நீரோடு மூடிபோட்டுச் சிறு தீயில் காய்ச்சி வடித்து, சர்க்கரை சேர்த்துப் பாகாக்குங்கள். மூடாமல் கொதித்தால் மணம் முழுவதும் தெருவுக்குப் போய்விடும். ஒரு டம்ளருக்கு இரண்டு மேசைக்கரண்டிப் பாகு ஊற்றினால் ஏறத்தாழ 25 கிராம் சர்க்கரை சேர்ந்துவிடும். நாள் முழுவதற்கும் அந்த அளவே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. ஒரு கரண்டியாகக் குறைத்து எலுமிச்சையைக் கூட்டுங்கள். பந்தலில் பானகமும் வைத்தால், அதில் வெல்லம் இருக்கிறது, சர்க்கரை நோயாளிகள் தவிர்க்கவும் என்று எழுதிப் போடுங்கள்.

மீனுக்குப் போடும் கட்டி ஐஸைப் பானத்தில் போடாதீர்கள், மண்பானை போதும். பந்தலுக்கு வருபவர் எவரேனும் வியர்வை நின்று, உடல் கொதித்து, உளறினால் எந்தப் பானமும் கொடுக்காமல் நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் நீர் தெளித்து விசிறி, 108ஐ அழையுங்கள்.

கேள்வி: கசாயத்தைப் பித்தளைப் பாத்திரத்தில் காய்ச்சலாமா? காலையில் காய்ச்சியதை இரவு வரை வைக்கலாமா? (வாசகி, ஆம்பூர்)

பதில்: எவர்சில்வரோ மண்சட்டியோ நல்லது. வெள்ளீயம் பூசாத பித்தளையிலும் செம்பிலும் எலுமிச்சை, புளி, மோர், நெல்லி ஆகியவை பட்டால் செம்பு இறங்கிக் குமட்டலும் வாந்தியும் வரும். கசாயத்தை நம் ஊர் வெயிலில் மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்க வேண்டாம். குளிர்பெட்டியில் வைத்தாலும் மறுநாளைக்கு மேல் வேண்டாம்.

கேள்வி: என் மகளுக்கு மூன்றாம் மாதம். வாந்தி நிற்கவில்லை. இஞ்சிச் சாறு கொடுக்கலாமா? (தாய், ஆரணி)

பதில்: கொடுக்கலாம். கர்ப்ப கால வாந்திக்கு இஞ்சி உதவும் என்பது பல ஆய்வுகளில் பார்க்கப்பட்டது. உலர்ந்த இஞ்சிக் கணக்கில் நாளொன்றுக்கு 1 கிராமுக்குள், அதாவது சுக்குப் பொடி அரைத் தேக்கரண்டிக்கும் குறைவாக, இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். அதிமதுரம், கற்றாழை, கருஞ்சீரகக் கசாயம், எள்ளுக் கசாயம் ஆகியவற்றைக் கொடுக்காதீர்கள். தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை, சிறுநீர் குறைந்துவிட்டது என்றால் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியிருக்கும், காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: தந்தைக்குச் சிறுநீரகச் செயல் குறைந்து, இரத்தத்தில் கிரியாட்டினின் 3க்கு மேல். உறவினர் ஒருவர் பெயர் எழுதாத மூலிகைப் பொடி கொடுத்துக் கசாயம் வைக்கச் சொன்னார். வாழைத்தண்டுச் சாறும் கொடுக்கச் சொல்கிறார்கள். (மகன், போளூர்)

பதில்: இரண்டையும் கொடுக்காதீர்கள். பெயர் தெரியாத பொடியை நல்ல சிறுநீரகம் உள்ளவருக்கே கொடுக்கக்கூடாது. ஆடுதின்னாப்பாளை, ஈஸ்வரமூலி ஆகிய செடிகளில் உள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தை நிரந்தரமாகச் சுருங்கச் செய்வதோடு சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் உண்டாக்குகிறது. 1990களில் பெல்ஜியத்தில் உடல் இளைக்க இந்த வகைச் செடி கலந்த மாத்திரையைச் சாப்பிட்ட பெண்கள் பலர் சிறுநீரகம் இழந்தார்கள். நம் கிராமங்களில் பூச்சிக்கும் விஷக்கடிக்கும் இவற்றைக் கொடுக்கும் வழக்கம் இன்னும் இருப்பதால் பெயரைச் சொல்லி எழுதுகிறேன்.

வாழைத்தண்டுச் சாறு, இளநீர், முருங்கைக்கீரை சூப் ஆகியவை மற்றவர்களுக்கு நல்ல உணவு. சிறுநீரகம் செயல் குறைந்தவருக்கு அவற்றிலுள்ள பொட்டாசியம் வெளியேறாமல் இரத்தத்தில் தேங்கி இதயத் துடிப்பையே நிறுத்திவிடும். சிறுநீரகக் கல் உள்ளவர்களுக்குச் சொல்லும் பத்தியத்தை இவருக்குச் சொல்லிவிட்டார்கள் என்று நினைக்கிறேன். கல் வேறு, செயலிழப்பு வேறு. கல் உள்ளவர்கள்கூட எந்தச் சாற்றையும்விட, நாளுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குத் தண்ணீர் குடிப்பதையே முதலில் செய்ய வேண்டும். உங்கள் தந்தைக்கோ தண்ணீரின் அளவையும் அவருடைய சிறுநீரக மருத்துவரே சொல்ல வேண்டும். அந்தப் பொடியை எறிந்துவிடாமல், ஏற்கனவே குடித்திருந்தால் எத்தனை நாள் என்று எழுதி, பொட்டலத்தோடு அடுத்த முறை மருத்துவமனைக்கு எடுத்துப்போங்கள்.

கேள்வி: காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை, உடனே கறிவேப்பிலைக் கசாயம், பிறகு இரும்புச்சத்து மாத்திரை என்று எடுக்கிறேன். இரத்தம் ஏறவே இல்லை. (கல்லூரி மாணவி, திருப்பத்தூர்)

பதில்: மூன்றையும் அடுத்தடுத்து எடுப்பது ஒரு காரணமாக இருக்கலாம். கசாயத்திலும் தேநீரிலும் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்துவைத்துக்கொண்டு உடலில் சேரவிடாது; இரும்பு மாத்திரை தைராய்டு மருந்தைச் சேரவிடாது. எழுந்ததும் தைராய்டு மாத்திரையை வெறும் தண்ணீரில் விழுங்கி, ஒரு மணி நேரம் கழித்துக் காலை உணவு சாப்பிடுங்கள். கசாயத்தை மாலை நான்கு மணிக்குத் தள்ளிவையுங்கள். இரும்பு மாத்திரையைத் தைராய்டு மாத்திரைக்கு நான்கு மணி நேரமாவது இடைவெளிவிட்டு, மதிய உணவுக்கு ஒரு மணி நேரம் முன்பு, எலுமிச்சைச் சாறோடு எடுங்கள். ஆறு வாரம் கழித்து இரத்தச் சோதனை செய்து பாருங்கள். அப்போதும் ஏறாவிட்டால் மாதவிலக்கில் போகும் இரத்தத்தின் அளவையும் குடற்புழுவையும் மருத்துவரிடம் சொல்லிப் பார்க்க வேண்டும்.